கொய்யாக் கூடையோடு கொடைக்கானலுக்கு!

எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்தும்போது தலையை நிமிர்த்தினால் போதும், மலை தெரியும். முருகன் கோயில் இருக்கும் பழனிக் குன்றைச் சொல்லவில்லை. அதற்குத் தெற்கே, பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நீளமாகப் படுத்திருக்கிறதே, அந்தப் பெரிய மலைத்தொடரைச் சொல்கிறேன். அதன் மேல்தான் கொடைக்கானல் இருக்கிறது. நான் கல்யாணமாகி ஆயக்குடிக்கு வந்து 23 வருஷங்கள் ஆகின்றன. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் பஸ்ஸிலும் காரிலும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் அந்த மலைக்குப் போகிறார்கள். அடிவாரத்திலேயே குடியிருக்கும் நான் ஒரு நாளாவது ஏறிப் பார்த்திருப்பேனா? இல்லை!

என் மாமியார் கதை இதைவிட விசேஷம். முப்பது வருஷம் பழனி பஸ் நிலையத்தில் கூடை வைத்துக் கொய்யாப்பழம் விற்றவர் அவர். கொடைக்கானல் பஸ்ஸின் ஜன்னல் ஜன்னலாகப் பழத்தை நீட்டியவர். "எல்லாரும் மேலே மேலேன்னு ஓடறாங்களே, அங்கே என்னதான் இருக்கு?" என்று அடிக்கடி கேட்பார். பதில் சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.

ஆயக்குடி கொய்யாவைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சந்தையில் வரத்துக் குறைந்த மாதங்களில் நல்ல விலை போகும். மரம் மரமாகப் பழுத்துக் கொட்டும் நாட்களில் பறிக்கிற கூலிகூடக் கட்டாது. சாலையோரம் குவித்துவிட்டுப் போன பழங்களை மாடு தின்பதைப் பார்த்தால் வயிறு எரியும். எங்களுக்கும் ஒரு ஏக்கர் தோப்பு இருக்கிறது. எங்கள் மகளிர் குழுவில் இதைப் பற்றிப் பேசிப் பேசி, கடைசியில், "பழத்தைப் பதப்படுத்திப் பாட்டிலில் அடைத்து விற்றால் என்ன?" என்று முடிவு செய்தோம். அப்போதுதான் கொடைக்கானலில் பழம் பதப்படுத்தும் பயிற்சி ஒன்று நடப்பதாகத் தகவல் வந்தது. ஐந்து நாள். தங்கும் இடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள். குழுவிலிருந்து ஆறு பேர் போகலாம்.

ஐந்து பேர் உடனே பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும் வாய் திறக்கவில்லை.

"நீ போ, நான் பாத்துக்கறேன்"

காரணம் இருந்தது. மாமியாருக்கு 12 வருஷமாகச் சர்க்கரை வியாதி. தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. போடுவது நான்தான். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். வீட்டுக்காரருக்குக் காப்பித்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நான் ஐந்து நாள் இல்லாவிட்டால் வீடு நின்றுவிடும் என்று நான் உறுதியாக நம்பினேன். இப்படி நம்பாத பெண் நம்மில் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்!

விஷயம் அத்தை காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. ராத்திரி ஊசி போடப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் கண்ணு, போகலைன்னு சொல்லிட்டியாமே?" என்றார்.

"உங்களுக்கு யாரு அத்தே ஊசி போடுவாங்க?"

"முப்பது வருஷம் காசை எண்ணின கை இது. ஊசி போடக் கத்துக்காதா? நீ போ, நான் பாத்துக்கறேன். போயி, மேலே என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். மருந்தை அளவாக எடுப்பது, வயிற்றுப் பகுதியில் இடம் மாற்றி மாற்றிப் போடுவது, சாப்பாடு தயாராக இருக்கும்போதுதான் போட்டுக்கொள்வது என்று நர்ஸம்மா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சிரிஞ்சில் உள்ள கோடுகளைப் படித்துச் சொல்லும் வேலை மகளுக்கு. ஒரு வாரம் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். அத்தையின் கை நடுங்கவே இல்லை. என் நெஞ்சுதான் நடுங்கியது.

வளைவும் வாந்தியும்

போன வருஷம் ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. இருபது கிலோ கொய்யாவைக் கூடையில் கட்டிக்கொண்டு பழனியில் பஸ் ஏறினோம். சொந்தக் காரில் கொடைக்கானல் போகிறவர்கள் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும். கூட்டத்தைக் கட்டுப்படுத்த உயர் நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு அது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பழனியிலிருந்து சுமார் 65 கிலோ மீட்டர்தான், ஆனால் மூன்று மணி நேரம் ஆகிறது. வரதமாநதி அணையைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பிக்கின்றன. அணை கீழே ஒரு சின்னக் கண்ணாடி போல ஆகிறது. பிறகு புளியமரமும் வேலமரமும் மறைந்து, காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் மலைவாழையும் தலைகாட்டுகின்றன. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உயிரே இந்த மலையில் விளையும் விருப்பாச்சி வாழைப்பழம்தான். ஈரம் குறைவாக இருக்கும் பழம் என்பதால்தான் பஞ்சாமிர்தம் நீர்த்துப் போகாமல் கெட்டியாக நிற்கிறதாம். பழனிப் பஞ்சாமிர்தம் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. விருப்பாச்சி வாழைக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது.

இந்த அழகையெல்லாம் ரசிக்க விடாமல் எங்களில் மூன்று பேருக்கு வாந்தி. குழந்தைகளோடு மலைக்குப் போகும் இளம் தாய்மார்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள்: வெறும் வயிற்றிலும் புறப்பட வேண்டாம், வயிறு நிறையப் பூரி மசாலா சாப்பிட்டுவிட்டும் புறப்பட வேண்டாம். இரண்டு இட்லி போதும். பஸ்ஸின் முன் பக்கத்தில் உட்கார்ந்து தூரத்தில் பார்வையை வையுங்கள். போனைக் குனிந்து பார்த்தால் நிச்சயம் தலை சுற்றும். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். கைக்குழந்தை ஏன் அழுகிறது என்று தெரியாமல் தவிக்காதீர்கள், பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும்.

பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலையோடு சேர்ந்து, வெள்ளி அருவியைப் பார்த்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் இப்படி அருவியாகிறது என்று கண்டக்டர் சொன்னார்.

பாகு கற்கண்டான கதை

பயிற்சி நடந்த இடம் ஏரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய கட்டடம். நாங்கள் ஆறு பேர், மலைக்கிராமங்களிலிருந்து எட்டுப் பேர், ஆக 14 பெண்கள். சொல்லிக்கொடுத்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். எல்லோரும் அவரை டீச்சரம்மா என்றே கூப்பிட்டோம்.

முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டிலேயே எங்களுக்கு ஓர் ஆச்சரியம். சோறு கொஞ்சம் நறுக்கென்று இருந்தது, பருப்பு சரியாகக் கரையவில்லை. "குக்கர் வைக்கலையா?" என்று எங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டோம். அதன் அர்த்தம் மறுநாள்தான் புரிந்தது, அதுவும் நஷ்டப்பட்ட பிறகு!

செவ்வாய்க்கிழமை ஜாம் வகுப்பு. எங்கள் குழு ஊரிலிருந்து கொண்டுபோன கொய்யாவில் ஐந்து கிலோவை எடுத்துக் கூழாக்கி, சர்க்கரை சேர்த்து அடுப்பில் வைத்தோம். 105 டிகிரி வந்தால் ஜாம் பதம் என்று நாங்கள் ஊரில் ஒரு புத்தகத்தில் படித்துக் குறித்து வைத்திருந்தோம். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 98-லேயே நிற்கிறது. நாங்களும் விடாமல் கிளறினோம். டீச்சரம்மா அப்போது வேறொரு குழுவிடம் இருந்தார். கூழ் சுருங்கியது, கறுத்தது, கரண்டியைப் பிடித்துக்கொண்டது. 105 வந்தபோது சட்டியில் இருந்தது ஜாம் அல்ல, கல்! ஐந்து கிலோ பழமும் நாலு கிலோ சர்க்கரையும் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் வந்து, எனக்கென்று ஒரு வேலையைத் தொட்டேன், அதுவும் இப்படி ஆகிவிட்டதே என்று.

டீச்சரம்மா திட்டவில்லை. ஒரு பாத்திரத்தில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தெர்மாமீட்டரை என் கையில் கொடுத்தார். "எவ்வளவு காட்டுது, படிங்க."

தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. தெர்மாமீட்டரில் 93!

"பள்ளிக்கூடத்திலே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்னு படிச்சோம்லே? அது கடல் மட்டத்திலே. இது 7000 அடி. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைஞ்சா தண்ணீர் சீக்கிரமே கொதிச்சிடும். அதான் இங்கே சோறும் பருப்பும் வேக நேரமாகுது. ஜாமுக்கு 105ங்கிறது கீழ்நாட்டுக் கணக்கு. சரியான கணக்கு என்னன்னா, உங்க ஊரிலே தண்ணீர் எத்தனை டிகிரியிலே கொதிக்குதோ, அதுக்கு மேலே நாலு அஞ்சு டிகிரி."

அதாவது கொடைக்கானலில் 98 டிகிரியே ஜாம் பதம். நாங்கள் பதத்தைத் தாண்டி அரை மணி நேரம் கிளறியிருக்கிறோம்! பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த பாடத்துக்கு 28 வருஷம் கழித்து அர்த்தம் புரிந்தது. அதற்கு விலை ஐந்து கிலோ கொய்யா. பரவாயில்லை, இனி மறக்காது. புதன்கிழமை காலை அதே கொய்யாவில் ஜெல்லி செய்தோம். தேன் நிறத்தில், ஸ்பூனால் தொட்டால் ஆடுகிற மாதிரி அருமையாக வந்தது. டீச்சரம்மா பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இதுதான்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தங்கப் பதக்கம்.

ஏரிக்கரையில் ஒரு காலை

வகுப்பு ஒன்பதரை மணிக்குத்தான். வீட்டில் நாலரைக்கு எழுந்து பழகிய நமக்குத் தூக்கம் வருமா? தினமும் விடியற்காலையில் ஏரியைச் சுற்றப் போய்விடுவோம். சுற்றுப் பாதை சுமார் ஐந்து கிலோ மீட்டர். ஏரிமேல் புகை மாதிரி பனி நகர்ந்துகொண்டிருக்கும். இது இயற்கையாக உண்டான ஏரி இல்லையாம். மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற ஆங்கிலேயர் 1863-ல் ஓடைக்கு அணை கட்டி உண்டாக்கியது.

அதற்கும் முன்னால், 1845-ல், மதுரைப் பக்கம் ஊழியம் செய்ய வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். உல்லாசத்துக்காக வரவில்லை, காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் குழந்தை குட்டிகளைப் பறிகொடுத்த பயத்தில் மலையேறினார்கள். அந்தக் காலத்தில் சாலை ஏது? அடிவாரம் வரை மாட்டு வண்டி, அதற்கு மேல் குதிரை அல்லது டோலி. அந்த டோலிகளைத் தோளில் சுமந்து ஏறியவர்கள் நம் ஜனங்கள். ஊரின் பழைய படங்களில் துரைசானிகள் தெரிகிறார்கள், சுமந்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. கோக்கர்ஸ் வாக் என்கிற மலை விளிம்புப் பாதையில் நடந்தபோது எனக்கு இந்த நினைப்புத்தான். அதை 1872-ல் கோக்கர் என்ற அதிகாரி போட்டதாகப் பலகை சொல்கிறது. மண் வெட்டியவர்கள் யாரோ?

வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பழங்களையும் கொண்டுவந்தார்கள். பேரிக்காயும் பிளம்ஸும் அப்படி வந்து ஊன்றியவைதான். "எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்ம கொய்யாதான் சுதேசி" என்று நான் பெருமையடித்தேன். டீச்சரம்மா சிரித்துவிட்டார். கொய்யாவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் காலத்தில் வந்ததாம்! எங்கள் ஊர்ப் பெருமை கடல் கடந்து வந்த விருந்தாளி என்று தெரிந்தபோது வாயடைத்துப் போனேன்.

கப்பலில் வந்த அக்கா

எங்களோடு பயிற்சிக்கு வந்திருந்த ஓர் அக்கா கொஞ்சம் வேறு மாதிரித் தமிழ் பேசினார். விசாரித்தால், பிறந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். இரண்டு நாட்டுப் பிரதமர்களும் 1964-ல் செய்துகொண்ட சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி லட்சக்கணக்கான தோட்டத் தமிழர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள் அல்லவா? அக்காவும் ஆறு வயதில், 1973-ல், அப்பா அம்மாவோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து இறங்கியவர். குளிர்ப் பிரதேசத்திலேயே பிழைத்த குடும்பம் என்பதால் மலையைத் தேடி இங்கே வந்துவிட்டார்கள். காட்டு வேலை, கூலி வேலை என்று அவர்கள் பட்ட பாட்டை அக்கா அதிகம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

"அங்கே எங்களை இந்தியாக்காரின்னாங்க. இங்கே வந்தா சிலோன்காரின்னாங்க. அம்மா சாகிற வரைக்கும், நம்ம ஊரு எதுடின்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

அன்றிரவு அக்கா எங்களுக்கு ரொட்டியும் சம்பலும் செய்து போட்டார். கோதுமை மாவோடு தேங்காய்த் துருவல் சேர்த்துப் பிசைந்து, கனமாகத் தட்டிச் சுட வேண்டும். சம்பலுக்குத் தேங்காய், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு இவற்றை இடித்து, கடைசியில் எலுமிச்சை பிழிய வேண்டும். தாளிக்கவே வேண்டாம். அந்தக் குளிரில், பால் இல்லாத சாயத் தேநீரோடு சாப்பிட்டது இன்னும் நாக்கில் இருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில் மாதம் இரண்டு முறையாவது "சிலோன் அக்கா ரொட்டி" உண்டு.

சூரியனைப் படம் பிடித்த தம்பதி

புதன்கிழமை சாயங்காலம் வானாராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். 1899-ல் ஆரம்பித்தது. நூறு வருஷங்களுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளில் வாயு எப்படி ஓடுகிறது என்பதை எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-ல் இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். அவர் பெயரிலேயே அது உலகம் முழுக்கத் தெரியும்.

எனக்கு அவரைவிட அவர் மனைவி மேரியைத்தான் பிடித்துப் போயிற்று. 1907-ல் கணவரோடு இந்த மலைக்கு வந்தவர். கணவர் உத்தியோகம் பார்க்க, நாம் வீட்டைப் பார்ப்போம் என்று இருந்துவிடாமல், சூரியனின் விளிம்பில் எழும் தீச்சுடர்களைத் தானும் ஆராய்ந்தார். பழைய வானியல் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1914-ல் வெளியானது. சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தி அல்ல, உத்தியோகஸ்தர் மனைவிதான்! இதை எங்களுக்கு விளக்கியவர் சொன்னபோது நாங்கள் 14 பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை பூம்பாறை. படிக்கட்டு போல வெட்டிய வயல்களில் பூண்டும் உருளையும் காரட்டும். குழந்தை வேலப்பரைக் கும்பிட்டோம். இந்த மூலவரையும் போகர்தான் நவபாஷாணத்தில் செய்தார் என்பது ஊரார் நம்பிக்கை. கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அந்த ஊர்க்காரி ஒருத்தி எங்கள் வகுப்பில் இருந்தாள். பூண்டைத் தாளோடு கட்டி, அடுப்புப் புகை படும்படி தொங்கவிட்டால் மாதக் கணக்கில் கெடாது என்று தன் வீட்டுப் பரணைக் காட்டினாள். "நீங்க பாட்டிலிலே அடைக்கறதை நாங்க புகையிலே அடைக்கிறோம்" என்றாளே பார்க்கலாம்!

மேலிருந்து கீழே

வெள்ளிக்கிழமை காலை, ஊர் திரும்பும் நாள். குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். குறிஞ்சிப் பூ 12 வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும். கடைசியாக 2018-ல் பூத்தது, அடுத்தது 2030-ல். இந்த முருகன் கோயிலைக் கட்டியது யார் தெரியுமா? ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி! இலங்கையின் புகழ்பெற்ற தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவ நெறியை ஏற்று, லீலாவதி என்று பெயர் பூண்டவர். 1936-ல் கட்டியதாகச் சொல்கிறார்கள். இன்று பழனிக் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறது. சிலோன் அக்கா அந்தச் சன்னிதியில் வெகு நேரம் கண்ணை மூடி நின்றார்.

கோயிலுக்குப் பின்னால் வந்து நின்றேன். அதுவரை பனி மூடியிருந்தது. திடீரென்று காற்று அடித்தது, திரை விலகுவது போலப் பனி விலகியது. கீழே, வெகு கீழே, வெயிலில் சமவெளி. சின்னச் சின்னத் தகடுகளாகக் குளங்கள். நடுவே ஒரு சிறிய மேடு. "அதோ பாருங்க, பழனி" என்றார் பூசாரி.

நான் தினமும் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த மலையின் மேல் நின்றுகொண்டு, என் ஊரை முதல் தடவையாக மேலிருந்து பார்த்தேன். உள்ளங்கையால் மறைத்துவிடலாம் போல இருந்தது. அதற்குள்தானா என் அடுப்பு, என் தோப்பு, என் 23 வருஷக் கவலை எல்லாம்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குளிர்காற்று என்று சொல்லிக்கொண்டேன். போனில் படம் எடுத்தேன், அதில் ஒன்றும் தெரியவில்லை.

வீடு நிற்கவில்லை

தினமும் ராத்திரி வீட்டுக்குப் போன் செய்தேன். முதல் நாள் அத்தை, "ஊசி போட்டுக்கிட்டேன், சாப்பிட்டேன்" என்று விவரமாகச் சொன்னார். மூன்றாம் நாள், "சீரியல் ஓடுது கண்ணு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்! வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்குள் நுழைந்தால், சமையலறை மேடை துடைத்துக் கிடக்கிறது. வீட்டுக்காரர் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறார். உண்மையைச் சொல்கிறேன், சகோதரிகளே, சந்தோஷம் பாதி, மனசுக்குள் ஒரு சுருக்கென்ற வலி பாதி. நான் இல்லாமல் இந்த வீடு நின்றுவிடவில்லையே! இரண்டு நாளில் அந்த வலி போய்விட்டது. காலை ஊசியை அத்தை இப்போதும் தானே போட்டுக்கொள்கிறார். எனக்குக் காலையில் ஒரு மணி நேரம் மிச்சம். அந்த நேரத்தில்தான் எங்கள் ஜெல்லி வேலை நடக்கிறது.

மூட்டு வலிக்குத் தைலமும் ஒரு கட்டு மலைப்பூண்டும் அத்தைக்கு வாங்கி வந்திருந்தேன். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, "மேலே என்ன இருக்கு, சொல்லு" என்று உட்கார்ந்துகொண்டார். ஏரி, பனி, அருவி, வெள்ளைக்காரி கட்டிய கோயில், கப்பலில் வந்த அக்கா என்று நடுராத்திரி வரை சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அங்கேருந்து பார்த்தா நம்ம வீடு தெரிஞ்சுதா?" என்றார்.

"வீடு தெரியலை அத்தே, மலைக்கோயில் தெரிஞ்சுது."

"அப்போ நான் கூடை வெச்ச இடமும் அதுக்குள்ளதானே இருக்கு" என்றார். எத்தனையோ பேரை ஏற்றிவிட்ட அந்த பஸ்ஸில் வருகிற தை மாதம் அவரையும் ஏற்றப் போகிறேன். டாக்டரிடம் கேட்டுக்கொண்டாயிற்று. முன் சீட்டு, இரண்டு இட்லி, கம்பளிச் சட்டை, ஊசி மருந்துப் பை எல்லாம் இப்போதே மனதில் எடுத்து வைத்துவிட்டேன்.

கொய்யா ஜெல்லி (எங்கள் குழு செய்யும் முறை)

கொய்யா 2 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் பங்கு செங்காயாகவும் கால் பங்கு பழமாகவும் இருக்க வேண்டும். கெட்டிப்படுத்தும் சத்து செங்காயில்தான் அதிகம். கழுவி, தோலோடும் விதையோடும் மெல்லியதாக நறுக்கி, 3 லிட்டர் தண்ணீரும் ஒரு தட்டையான டீஸ்பூன் சிட்ரிக் அமிலமும் சேர்த்து அரை மணி நேரம் நிதானமாக வேகவிடுங்கள். மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டுச் சாற்றை வடியுங்கள். அவசரப்பட்டுப் பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும்.

வடிந்த சாறு 1 லிட்டருக்கு முக்கால் கிலோ சர்க்கரை. கரைத்து மறுபடி வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் கொதிக்கவிடுங்கள். கரண்டியில் எடுத்துச் சற்று ஆறவிட்டுச் சாய்த்தால், சொட்டுச் சொட்டாக விழாமல் சொட்டுகள் ஒன்றாகச் சேர்ந்து தகடு போல வழிய வேண்டும். அதுதான் பதம். எந்த ஊருக்கும் இது பொருந்தும், தெர்மாமீட்டர் தேவையில்லை. நுரையை எடுத்துவிட்டு, 20 நிமிஷம் வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய கண்ணாடி பாட்டிலில் சூட்டோடு ஊற்றுங்கள். கெட்டியாகும் வரை அசைக்கக் கூடாது. விற்பனைக்குச் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஜெல்லி வேண்டாம். எங்கள் அத்தைக்குச் செங்காயை இரண்டு கீற்று நறுக்கி உப்புத் தொட்டுக் கொடுத்துவிடுகிறேன். "முப்பது வருஷம் வித்தவளுக்கு ரெண்டு கீத்துத்தானா?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்!